பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம்

ஷர்மிளா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது, ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களைப் பார்த்துக்கொள்ளும் கணினி வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள். இப்போது எங்கள் டாக்டர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக் கணினிக்குள் நுழைந்து, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்களாம். இரண்டு திரை, மூன்று திரை என்று வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு விதமாகத் தடுமாறுகிறார்களாம். "நீங்க ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்கக்கா, எல்லாருக்கும் அனுப்பிடறேன்" என்றாள்.

உட்கார்ந்து எழுதினேன். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் சாப்பாட்டுக் கடைக் காதர் அண்ணன் நினைவில் வந்து நடுவில் நின்றுகொண்டார். அவரை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் முடிக்க முடியாது. அவரை விட்டுவிட்டு எழுதினால் அந்த ஒரு பக்கத்தை யாரும் மதிக்கப் போவதில்லை. கடைசியில் அவளுக்கு வேண்டியதைத் தனியாக அனுப்பிவிட்டு, இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். காதர் அண்ணனிடம் மட்டும் எழுதலாமா என்று கேட்டுக்கொண்டேன். "எழுதும்மா, ஆனா என் மீ கோரேங்க பத்தி ரெண்டு வரி நல்லதா எழுது" என்றார். மீ கோரேங் என்றால் வறுத்த நூடுல்ஸ். நல்ல மீ கோரேங்தான். காரம் கொஞ்சம் தூக்கல்.

நான் ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் பகுதியில் வளர்ந்தவள். கோலாலம்பூரில் எக்ஸ்ரே எடுக்கப் படித்தேன். அந்த விடுதிச் சாப்பாட்டைத் தவிர அந்த ஆண்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறை சொல்லவும் அதிகம் இல்லை. ஊருக்குத் திரும்பி ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கேயே முடித்துக்கொண்டேன். இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலம் போய்க் கணினி வந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் அந்த இயந்திரத்தைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை என்கிற ஒரே தகுதியில் அதை என் தலையில் கட்டினார்கள். கட்டியது நல்லதாகப் போயிற்று. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் தியோ. ஒல்லியான, குரல் உயர்த்தாத சீனப் பெண்மணி. பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர் யாராவது ஒரு படத்தைக் காட்டி "கட்டி பெரிதாக இருக்கிறது" என்று சொன்னால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகு மெதுவாக, "எதைவிட?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பையன்கள் பழைய படத்தைத் தேடிக்கொண்டு ஓடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு படம் தனியாக எதுவும் சொல்லாது, முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியும் என்பது அவருடைய கட்சி.

அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் வெளிச்சப் பெட்டி மாட்டி ஃபிலிம் பார்த்த காலத்திலேயே வந்தது. பழைய படம் இடப்பக்கம், புதிய படம் வலப்பக்கம். எந்த அறைக்குப் போனாலும், யார் மாட்டினாலும் அப்படித்தான். வேறு ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்த ஒருவர் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் தியோ ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், இரண்டு ஃபிலிமையும் கழற்றி இடம் மாற்றி மாட்டிவிட்டு, வந்து உட்கார்ந்து, பிறகுதான் பேசினார். ஒரு வாரத்தில் அவர் திருந்திவிட்டார். கணினி வந்தபோது, இடத் திரையில் பழையது, வலத் திரையில் புதியது தானாக வந்து உட்காரும்படி நான்தான் அமைத்துக் கொடுத்தேன். கண் அதற்குப் பழகிவிட்டது. பழகிய கண் கேள்வி கேட்காது.

பிறகு கொரோனாவும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தன. அதுவரை 'வீட்டிலிருந்து வேலை' என்று யாராவது சொன்னால் எங்கள் துறையில் சிரித்திருப்பார்கள். ஒரே வாரத்தில் ஐந்து டாக்டர்களின் வீட்டுக்குத் தொலைவழி இணைப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். போன் மூலமாகவே போட்டேன். அப்போது கற்றதைத்தான் ஷர்மிளாவுக்கு அனுப்பினேன். கொஞ்சம் இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

'எல்லாத் திரைகளையும் பயன்படுத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆசையாக எல்லாரும் அதில் டிக் போட்டுவிடுவார்கள். மடிக்கணினியின் சின்னத் திரையும் அதில் சேர்ந்துகொள்ளும். மனிதனின் நெஞ்சாங்கூடு இரண்டரைத் திரையில் பரந்து கிடக்கும். ஒரே அளவான இரண்டு பெரிய திரைகளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள், சின்னதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வாட்ஸ்அப்பும், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும், மாமியாரின் தொலைபேசி அழைப்பும் அந்தச் சின்னத் திரையோடு நிற்கட்டும். நோயாளியின் படத்துக்குப் பக்கத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. இன்னொன்று, எந்தத் திரையில் எந்தக் கணினி இருக்கிறது என்கிற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். ஓர் இளம் டாக்டர் வேலை முடிந்ததும் வீட்டுக் கணினியை அணைப்பதாக நினைத்து ஆஸ்பத்திரிக் கணினியை அணைத்துவிட்டார். தொலைவிலிருந்து அணைக்கலாம், ஆனால் அணைத்ததைத் தொலைவிலிருந்து எழுப்ப எங்களிடம் வழி இல்லை. நான் நாலு மாடி ஏறிப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நாளும் அப்படியே செய்தார். அதற்கடுத்த நாள் அந்த 'அணை' என்கிற தேர்வையே அவர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டேன்.

இப்போது காதர் அண்ணனுக்கு வருகிறேன்.

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்தில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை. அவரும் மனைவி மைமூன் அக்காவும் நடத்துகிறார்கள். டாக்டர் தியோவைத் தவிர எங்கள் துறை முழுக்க அவருடைய வாடிக்கைதான். அவருக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது எங்கள் எல்லாருக்குமே சாப்பாடு இறங்கவில்லை. முதலில் ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு ஒரு மாத்திரை. விலை உயர்ந்தது, வயிற்றைப் புரட்டுவது, உடம்பெல்லாம் அரிப்பெடுப்பது. சில மாதம் சாப்பிட்ட பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு வந்தார். நான்தான் படம் எடுத்தேன். மேசையில் ஏறிப் படுத்தவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, இதுவும் கேக்கலேன்னா நான் இதோட நிறுத்திருவேன் லா. மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருக்கிற வரைக்கும் வாய்க்கு ருசியா சாப்ட்டுட்டுப் போயிடறேன். டாக்டர்ட்ட சொல்லிட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே என்றேன்.

அது சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தைய வாரம். அன்றைய படங்களை டாக்டர் தியோ தஞ்சோங் தோக்கோங்கில் தன் வீட்டிலிருந்து பார்த்தார். காதர் அண்ணனின் அறிக்கையும் அன்றே போய்விட்டது. மறுநாள் காலை, அவருக்கு வைத்தியம் பார்க்கும் நெஞ்சு டாக்டர் அவரைக் கூப்பிட்டு, கட்டி வளர்ந்திருக்கிறது, மருந்து கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது.

டாக்டர் தியோவுக்கு ஒரு பழக்கம். முந்தின நாள் அனுப்பிய அறிக்கைகளை மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை படித்துப் பார்ப்பார். எழுதும்போது இருந்த கண் வேறு, சாப்பிட்ட பிறகு இருக்கும் கண் வேறு என்பார். அன்று மதியம் எனக்குப் போன் வந்தது. நாங்கள் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்து அடித்தது, தமிழில் தருகிறேன். "விஜயா, நேற்று காதர் என்பவருக்கு நீதானே ஸ்கேன் எடுத்தாய்? ஆள் எப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தார் என்றேன். போன தடவை மூச்சைப் பிடிக்க முடியாமல் இருமி இருமி, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு இருமல் கூட இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தார்.

"அதுதான் இடிக்கிறது. கட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. இருமல் எப்படிப் போகும்?" என்றார்.

நான் என் கணினியில் அந்தப் படங்களைத் திறந்தேன். இடத் திரையில் ஒரு எலுமிச்சை அளவுக்குக் கட்டி. வலத் திரையில் அதே இடத்தில் அதில் பாதிதான். "டாக்டர், குறைந்துதானே இருக்கிறது?" என்றேன். இல்லை, கூடியிருக்கிறது என்றார். வலது பக்கம் சின்னது என்றேன். வலது பக்கம்தான் பெரியது என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். தள்ளி நின்று கேட்டவர்கள் எங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மூலையில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். படத்தின்மேல் வரும் பெயர், தேதி எழுத்துகளையே அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டு இணைப்பில் அந்தப் பொடி எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்து, படத்தையும் மறைத்தனவாம். டாக்டர்கள் பலரும் அப்படி அணைத்துக்கொள்வதுண்டு.

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. "டாக்டர், மவுஸை இடத் திரையிலிருந்து வலத் திரைக்கு நேராகக் கொண்டு போங்கள்" என்றேன்.

"போகாது. நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். வெளி ஓரமாகப் போனால் மறுபக்கத்து ஓரத்தில் வந்து குதிக்கும். இரண்டு மூன்று நாளாகவே அப்படித்தான். நம் ஆஸ்பத்திரி இணைப்பின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சீனப் பெருநாளுக்கு முன்னால் வீடு துடைப்பார்கள். அந்த ஆண்டு யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது, ஆனாலும் துடைக்காமல் விடுவார்களா? நம் வீட்டில் தீபாவளிக்கு விடுவோமா? அவருடைய மாமியார் மேசையை வெளியே இழுத்துப் போட்டு, அதன்மேல் இருந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்து, மிகச் சுத்தமாகத் திரும்ப வைத்திருக்கிறார். வலத் திரையை இடப்பக்கமும் இடத் திரையை வலப்பக்கமும் வைத்துவிட்டார். கம்பிகள் பின்னால் அவிழவே இல்லை. திரைகள் இடம் மாறியது கணினிக்கு எப்படித் தெரியும்? அது பழையதை இடத் திரைக்கு என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தத் திரையோ டாக்டருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது.

திரை அமைப்பைத் திறந்து 'அடையாளம் காட்டு' என்பதை அழுத்தச் சொன்னேன். இரண்டு திரையிலும் பெரிதாக எண் தோன்றும். அவருக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று வந்தது. அமைப்பில் அந்தக் கட்டங்களை இழுத்து, மேசையில் இருப்பது போலவே வைக்கச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு இதை ஏற்றுக்கொள்ளாது, துண்டித்துவிட்டு மறுபடி நுழைய வேண்டும். நுழைந்தார். படங்களைத் திறந்தார். தேதியையும் போட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது என்று அவரே சொன்னார்.

பிறகு, "மற்றவர்களையும் பார்க்க வேண்டும்" என்றார். துடைத்த நாளிலிருந்து அவர் ஒப்பிட்டு எழுதிய எல்லாவற்றையும் நானும் அவருமாக ஒவ்வொன்றாகத் திறந்தோம். 'மாற்றம் இல்லை' என்று எழுதியவை எந்தப் பக்கம் வைத்தாலும் மாற்றம் இல்லாதவைதான். அவை தப்பித்தன. தலைகீழாகப் போனது ஒன்றே ஒன்று. அவர் உடனே நெஞ்சு டாக்டரைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது, அறிக்கையைத் திருத்தி அனுப்புகிறேன் என்றார். மாமியார் பெயரை எடுக்கவே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, காலையிலேயே நோயாளிக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் மருந்தை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்று. போன் போட்டால் எடுக்கவில்லை.

நான் போகிறேன் என்றேன். கடை நடந்து போகும் தூரம்தான். கட்டுப்பாட்டுக் காலம், பொட்டலம் மட்டும்தான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகளை எல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காதர் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மைமூன் அக்கா சட்டி கழுவும் சத்தம் கேட்டது. அண்ணே, அறிக்கை தப்பு, கட்டி குறைஞ்சிருக்கு என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. இரக்கம்தான் இருந்தது.

"நல்ல சேதி சொல்ல ஆஸ்பத்திரிலேர்ந்து ஆள் தேடி வர மாட்டாங்க தங்கச்சி. நான் மாத்திரைய விட்டுறக் கூடாதுன்னு உன்னை அனுப்பியிருக்காங்க. மைமூன்ட்டயும் சொல்லியாச்சு. இன்னைக்கு மாத்திரை போடல. பட்டர்வொர்த்துல மக வீட்டுக்குப் போகப் போறோம். விடு" என்றார்.

என்ன சொன்னாலும் தலையாட்டினார், நம்பவில்லை. காலையில் டாக்டரே சொன்னதைச் சாயங்காலம் விஜயா வந்து மாற்றினால் யார்தான் நம்புவார்கள்? எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து டாக்டர் தியோவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, கடை எந்தச் சந்து என்று மட்டும் கேட்டார்.

அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். முகக்கவசம், கையில் மடிக்கணினி. நான் ஒரு மேசையில் இருந்து நாற்காலிகளை இறக்கினேன். காதர் அண்ணனுக்கு அவர் முகம் தெரியாது. ஸ்கேன் படங்களைப் பார்க்கும் டாக்டரை எந்த நோயாளி பார்த்திருக்கிறார்? நான் சொன்னதும் மரியாதைக்கு எழுந்து வந்து உட்கார்ந்தார்.

என் போனில் இருந்து இணையம் கொடுத்தேன். டாக்டர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து படத்தைத் திறந்தார். ஒன்றுதான் வந்தது. வழக்கமாக இரண்டு திரைக்குப் போகிற படங்கள், இங்கே இருப்பதோ ஒரே திரை. மற்றது, இல்லாத ஒரு திரையில் போய்த் திறந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. டாக்டர் இங்கும் அங்கும் மவுஸைத் தேய்த்தார். காதர் அண்ணன் என்னைப் பார்த்து, பாத்தியா என்பது போல மெல்லச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தொல்லையை ஐந்து வீட்டில் தீர்த்தவள் நான். கணினியை என் பக்கம் இழுத்து, ஒளிந்திருந்த ஜன்னலைத் தேர்ந்து, விசைப்பலகையாலேயே நகர்த்தினேன். அம்புக்குறியை அழுத்த அழுத்த, ஓரத்திலிருந்து அந்தப் படம் மெதுவாக உள்ளே வந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன்.

டாக்டர் பெயரையும் தேதியையும் போட்டார். என் போன் இணைப்பில் அவை பளிச்சென்று தெரிந்தன. அவர் எதையும் விளக்கவில்லை. மலாயில், "நீங்களே படியுங்கள்" என்றார்.

காதர் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இடப்பக்கம் தன் பெயரைப் படித்தார், தேதியைப் படித்தார். வலப்பக்கம் தன் பெயரைப் படித்தார். நேற்றைய தேதியைப் படித்தார். பிறகு பழைய படத்தில் கட்டியின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலைப் புதிய படத்துக்குக் கொண்டுவந்தார். விரல் கட்டியை முழுக்க மறைத்துவிட்டது. எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"நேற்று என் வீட்டில் இந்த இரண்டும் இடம் மாறி இருந்தது. நான் தேதியைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். மருந்து வேலை செய்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர் தியோ.

காதர் அண்ணன் திட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன், திட்டினாலும் தகும். அவர் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய் மனைவியின் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். மைமூன் அக்கா ஈரக் கையோடு வந்தார், கண் ரெண்டும் வீங்கியிருந்தது. அண்ணன் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார்.

"டாக்டர்," என்றார், "இன்னொரு தரம் மொதல்லேர்ந்து சொல்லுங்க. இவ கேக்கட்டும்."

அதை நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. டாக்டர் கணினியை மைமூன் அக்கா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இடப்பக்கத்துத் தேதியிலிருந்து மறுபடி தொடங்கினார்.